தேசாதிபதி குந்திய தாள்

சிசிலித் தீவின் பலேர்மோவில் பாண் ரொட்டி கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுகிறார்கள். நான் இதை முதலில் கண்டது வேலைக்குச் சேர்ந்த வீட்டின் குசினியில். வீட்டுக்கார அம்மா, அதாவது சிஞோரா, அரிந்துகொண்டிருந்த எள்ளுத் தூவிய பாண் கைதவறி நிலத்தில் விழுந்தது. அது குப்பைக்குப் போகும் என்று நினைத்து நான் வாளியின் மூடியைத் திறந்தேன். அவர் பாணை எடுத்தார், பிள்ளையின் நெற்றியில் கொஞ்சுவதுபோல ஒரு முத்தம் வைத்தார், மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடி அரியத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்த பெண். அரசாங்கத்தையும் புனிதர்களையும் ஒரே குரலில் ஏசுகிறவர். நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "பாண் அல்லவா?" என்றார். விளக்கம் அவ்வளவுதான்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தால், நாங்கள் தாளுக்குச் செய்வதை நினைத்துப் பாருங்கள். எழுத்துள்ள தாளில் கால் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றுகிறோம். யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்த பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் தரை முழுவதும் தாள்தான். பொருளாதாரத் தடை நாள்களில் பத்திரிகைத் தாள் கிடைக்காமல், கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் செய்தி அடித்தோம். எங்கள் அச்சுக்கோப்பாளர் ஒருநாள் ஓர் அமைச்சரின் பேச்சு அச்சான தாளை மிதித்துவிட்டார். அமைச்சரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். வசவு அமைச்சருக்கு, வணக்கம் எழுத்துக்கு. இரண்டையும் அவர் ஒரே மூச்சில் செய்து முடித்தார்.

கீழே விழுந்ததை என்ன செய்வது என்பதற்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதை எனக்குக் காட்டியவர் ஒரு ரஷ்ய நாடக நடிகர்.

அவர் பெயர் கென்னாடி. எங்கள் ஆட்களின் வாயில் அது இரண்டாவது நாளே கண்ணாடி ஆகிவிட்டது. என்னோடு அதே வீட்டில் வேலை செய்தார். சிஞோராவின் தகப்பன் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். எல்லோரும் அவரைத் தொழிலின் பெயரால் அவ்வொக்காத்தோ என்றே அழைப்பார்கள். கால்கள் இயங்காமல் சக்கர நாற்காலியில் இருந்தார். எனக்குச் சமையலும் துப்புரவும். கென்னாடிக்கு அவ்வொக்காத்தோவைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, சவரம் செய்வது. எங்களுக்குப் பொதுவாக இருந்த மொழி கொஞ்ச இத்தாலியன். அவருக்கு வினைச்சொல்லில் எதிர்காலம் மட்டும் தெரியும், எனக்கு இறந்தகாலம் மட்டும். ஆகவே அவர் செய்யப்போவதையும் நான் செய்துமுடித்ததையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நிகழ்காலத்தைக் கையால் காட்டினோம்.

கென்னாடிக்கு மொட்டைத் தலை, அகன்ற நெற்றி, கூராக வெட்டிய சிறு தாடி. அது உலகத்தின் பாதி நாடுகளில் சதுக்கத்துக்குச் சதுக்கம் வெண்கலத்தில் நின்ற முகம். எங்கள் ஊர்களில் அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, பிள்ளை வளர்ந்து நகைக்கடை போட்ட பிறகும் அப்படியே கூப்பிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. நான் பெயரை எழுதத் தேவையில்லை. கென்னாடியும் சொல்வதில்லை, தலைவர் என்பார். அந்த முகத்தால் வாழ்ந்து, அந்த முகத்தால் கெட்ட மனிதர் அவர்.

வொல்கா நதிக்கரையில் ஒரு நகரத்து அரசு நாடக அரங்கில் சேர்ந்தபோது அவருக்கு வேண்டியிருந்தது காதலன் பாத்திரம். ஒரு வருடம் அது கிடைத்தது. அதற்குள் முடி கொட்டியதால் பொய்முடி வைத்துக் காதலித்தார். ஒருநாள் ஒத்திகை இடைவேளையில் பொய்முடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் முட்டைக்கோவா சூப் குடித்துக்கொண்டிருந்தபோது நெறியாளர் உள்ளே வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். "பக்கவாட்டில் திரும்பு" என்றார். கென்னாடி திரும்பினார். அன்றோடு காதல் முடிந்தது.

தலைவராக நடிக்கக் கட்சிக் குழுவின் அனுமதி வேண்டும். அனுமதி வந்த பிறகு மற்றப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக விலகின. நேற்றுத் தலைவராக நின்றவர் இன்று குடிகாரனாக, திருடனாக, மனைவியை ஏமாற்றும் கணவனாக மேடையில் வரக் கூடாது. வீதியிலும் வரக் கூடாது. வொட்கா வாங்க மனைவிதான் வரிசையில் நின்றாள். விழா நாள்களில் தொழிற்சாலைகளுக்கும் பால்பண்ணைகளுக்கும் கொண்டுபோய் ஒரே உரையைப் பேசவைத்தார்கள். ஒரு பண்ணையில் உயிருள்ள வாத்து ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். தலைவரின் முகத்தோடு, கக்கத்தில் வாத்தை வைத்துக்கொண்டு பேருந்தில் வீடு போனதுதான் தான் செய்த ஒரே நகைச்சுவைப் பாத்திரம் என்பார். மனைவி கடைசியில் சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுகிற ஒருவரோடு போய்விட்டாள். "உன்னைக் கொஞ்சினால் தபால்தலையைக் கொஞ்சுவதுபோல இருக்கிறது" என்பது அவள் சொன்ன காரணம்.

பிறகு நாடே கலைந்தது. சதுக்கத்துச் சிலையைப் பாரந்தூக்கி தூக்கிக்கொண்டு போனபோது கென்னாடி கீழே நின்று பார்த்தார். "என் சப்பாத்துகள் மேலே ஆடிக்கொண்டு போகும்" என்றார். நாடக அரங்கில் அவருக்கு உடுப்புப் பெட்டி காக்கும் வேலை கொடுத்தார்கள். ஒரு வியாபாரி குழு ஒன்றைச் சேர்த்து சிசிலிக்கு நாடகம் போட அழைத்துவந்தபோது, உடுப்புப் பெட்டிகளோடு இவரும் வந்தார். இரண்டு காட்சிகள் நடந்தன. திரும்பிப் போகும் டிக்கெட் விசாரிக்கத் துறைமுகத்துக்குப் போன வியாபாரி, விசாரித்த கையோடு நேப்பிள்ஸ் கப்பலில் ஏறிவிட்டார். மற்றவர்கள் எப்படியோ ஊர் திரும்பினார்கள். கென்னாடி நின்றுவிட்டார். அங்கே தன்னைத் தேடுவார் யாரும் இல்லை, இங்கே ஒரு கிழவரையாவது தூக்கிவிட வேண்டியிருக்கிறது என்பது அவர் கணக்கு.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. பல்லரோச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால், வலது கையை முழுதாக நீட்டி, நாட்டின் எதிர்காலத்தைக் காட்டுவதுபோலக் கத்தரிக்காயைக் காட்டுவார். மீன்காரர்கள் திரும்பி அந்தத் திசையில் பார்ப்பார்கள். முடியாட்சி ஆதரவாளரான அவ்வொக்காத்தோ, சவரம் செய்யும்போது கண்ணாடியில் இவர் முகத்தை நெடுநேரம் கவனிப்பார். "உன்னை எங்கோ பார்த்திருக்கிறேன். நல்ல இடத்தில் அல்ல" என்பார்.

இனி மரியாம்பிள்ளை அண்ணாவியாருக்கு வருகிறேன். மன்னாரில் பாஸ்கு, அதாவது ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளைக் காட்டும் நாடகம், பழக்கியவர். பலேர்மோவில் ஒரு மருத்துவர் வீட்டில் துப்புரவு செய்து, அவர்களுடைய இரண்டு நாய்களையும் நடத்திக்கொண்டு போவார். நாய்க்கும் நடிகருக்கும் ஒரே குரல்தான். வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு என்பதால், பலேர்மோத் தமிழரின் பக்தி, கலை, சண்டை எல்லாம் அந்த இரண்டுக்குள் நடக்க வேண்டும். தவக்காலம் தொடங்கியதும் பங்கு மண்டபத்தில் ஒத்திகை தொடங்கியது. நான் சைவக்காரன். எழுதத் தெரியும், இத்தாலியன் கொஞ்சம் தெரியும் என்பதற்காகக் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த வருடம் அண்ணாவியாருக்கு ஓர் ஆசை வந்தது.

"தீர்ப்புச் சொல்லுற தேசாதிபதி உரோமன். உரோமன் வெள்ளைக்காரன். வெள்ளைக்காரர் நிறைஞ்ச ஊரிலை இருந்துகொண்டு நாங்கள் ஏன், பிள்ளை, பவுடர் பூசுவான்?"

"அப்ப இஞ்சத்தை ஆட்களைக் கேளுங்கோவன்" என்றாள் உடுப்புத் தைக்கும் றெஜினா. அவளுடைய கணவன் சியாகுல்லித் தோட்டங்களில் வேலை; கடைசிப் பருவத்து மண்டரின் ஆரஞ்சு ஒரு பெட்டி ஒத்திகைக்கு வந்துவிடும்.

"கேட்டனான் பிள்ளை. இறைச்சிக்கடைக்காரனைக் கேட்டன், சாவித் திருத்திறவனைக் கேட்டன். எல்லாரும் ஆண்டவரா நடிக்க ரெடி. தேசாதிபதி எண்டால் ஒருத்தனும் வாறான் இல்லை. தெருவிலை மானம் போயிடுமாம்."

நான் கென்னாடியைப் பற்றிச் சொன்னேன். அண்ணாவியார் நீண்ட நேரம் தாடையைத் தடவினார். "தமிழ் தெரியுமோ?" என்றார். இல்லை என்றேன். "எங்கடை பெடியளுக்கும் வசனம் தெரியாதுதானே. கூட்டிக்கொண்டு வாரும்."

மறுநாள் சவர நேரத்தில் கென்னாடியிடம் விடயத்தைச் சொன்னேன். எப்படிப்பட்ட மனிதன் என்று கேட்டார். குற்றமற்றவர் என்று தெரிந்தும், கூட்டத்துக்குப் பயந்து ஒருவரைச் சாகக் கொடுக்கும் அதிகாரி என்றேன். கத்தி அவ்வொக்காத்தோவின் கன்னத்தில் நின்றது.

"அவன் தவறு செய்வான்?"

"பெரிய தவறு செய்தான்."

"மேடையில்? எல்லோரும் பார்ப்பார்கள்?"

"முன்வரிசையில் பாதிரியார் உட்பட."

அவர் கத்தியை வைத்துவிட்டுக் குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்தார். மேடையில் தான் இருபது வருடத்துக்குக் கிட்டச் சரியாகவே இருந்ததாகச் சொன்னார். ஒரு வசனத்திலாவது, ஒரு பார்வையிலாவது தவறு செய்ய அனுமதி கிடைக்கவில்லை. "ஒரு தடவை" என்று விரலைக் காட்டினார். ஒரு தடவை மேடையில் தவறு செய்துவிட்டால், தான் நடிகன் என்று சாகலாம். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவ்வொக்காத்தோ, "இவன் ஏன் அழுகிறான்? வெட்டுப்பட்டது எனக்கல்லவா?" என்றார்.

வசனங்களை நான் சொல்லச் சொல்ல, கென்னாடி ரஷ்ய எழுத்தில் எழுதிக்கொண்டார். தன் முறை எப்போது வருகிறது என்று தெரிய வேண்டும் என்பதால் ஆண்டவரின் வசனங்களையும் எழுதினார். அவற்றை வேறுபடுத்த, ஒவ்வொன்றுக்கும் முன்னால் சிவப்புப் பேனையால் ஒரு சிலுவை போட்டார். இரண்டே வாரத்தில் பாடம். குரல் எழுந்தபோது மண்டபத்து ஓடுகள் அதிர்ந்தன. அண்ணாவியார் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "இவன் எங்கையோ பெரிய சபையிலை நிண்டவன் தம்பி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

மூன்றாவது வியாழன். கென்னாடி மண்டரின் உரித்த கையோடு தாளை வாங்கினார். தாள் வழுக்கி நிலத்தில் விழுந்தது. நாங்கள் எல்லோரும் அவர் அதை எடுப்பார் என்று பார்த்திருந்தோம். எடுக்கவில்லை. முகம் வெளிறி, காற்சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டு, மண்டபத்தின் நட்டநடுவில், அந்தத் தாளின் மேல் அமைதியாகக் குந்தினார்.

 றெஜினா ஊசியை எறிந்துவிட்டு எழும்பினாள். "மாதாவே! சிலுவை போட்ட தாள்! ஆண்டவற்றை வசனத்துக்கு மேலை குந்திக்கொண்டு இருக்கிறான்!"

"எழும்படா!" என்றார் அண்ணாவியார். இரண்டு போர்வீரர்களும் யூதாசாக நடித்தவரும் ஓடிவந்தார்கள். மூவரும் தூக்கியும் கென்னாடி எழும்பவில்லை. நான் ஒருபுறம் இத்தாலியனில் கேட்டேன், மறுபுறம் தமிழில் சொன்னேன். ரஷ்ய நடிகர்களின் வழக்கமாம் அது. பாத்திரத்தின் தாள் விழுந்தால், எங்கே விழுந்ததோ அங்கேயே அதன்மேல் குந்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சேறானாலும், பனியானாலும் இருக்க வேண்டும். இராவிட்டால் பாத்திரம் ஓடிவிடும். பெரிய நடிகர்கள் தங்கக் கரை வைத்த உடுப்போடு குதிரைச் சாணத்தில் இருந்திருக்கிறார்களாம்.

"இது அவமதிப்பு இல்லை அண்ணாவியார், பயம்" என்றேன்.

"பயமெண்டால் முழங்காலிலை நிக்கட்டும். ஆர் குந்தச் சொன்னது?" என்றார் அண்ணாவியார். கென்னாடி தானாக எழும்பி நீட்டிய தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றி, சிலுவை அடையாளம் போட்டு, அதே சிலுவைகளைக் கென்னாடியின் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினார். "இனிமேல் விழுந்தால் எங்களைப்போலை கண்ணிலை ஒத்து. குந்தினியோ, தேசாதிபதி இல்லாமலே பாஸ்கு போடுவன்."

அடுத்த ஞாயிறு தாள் மறுபடி விழுந்தது. மண்டபம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. கென்னாடி தாளை எடுத்தார், கண்ணில் ஒற்றினார், அண்ணாவியாரைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு வசனத்தைப் பேச வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தாளைப் பார்த்தார். சொந்தக் கையெழுத்தையே வாசிக்க முடியாதவர்போல நின்றார். வீடு போகும் வழியில் என்னிடம், "அது போய்விடும்" என்றார். போகும் இடத்தையும் கையை நீட்டிக் காட்டினார். கை பாதிவழியில் இறங்கிவிட்டது. மூன்று நாள் அவ்வொக்காத்தோவுக்குச் சவரம் நடக்கவில்லை.

நாலாம் நாள் காலை கீழே தெருவில் இருந்து என் பெயர் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அண்ணாவியார் இரண்டு நாய்களோடு நின்றார். நான் கென்னாடியையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

"தம்பி, எனக்கு நித்திரை இல்லை" என்றார் அண்ணாவியார். "மத்தப் பெடியள் வசனம் மறந்தால் சிரிப்பினம். இந்த மனிசன் செத்தவன்போலை நிக்கிறான். நான் ஒண்டு யோசிச்சனான். ஆண்டவற்றை வசனத்திலை குந்தினால் பாவம். சரிதானே?"

"சரி."

"தேசாதிபதியின்ரை வசனம் ஆற்றை? பாவியின்ரை. பாவியின்ரை வசனத்திலை குந்தினால் என்ன பாவம்? வேணுமெண்டால் நானும் குந்துவன். சும்மா இரடா!" கடைசி வார்த்தை நாய்க்கு.

படிக்கட்டில் வைத்து, சிஞோராவின் தையல் கத்தரிக்கோலால் தாளை வெட்டினோம். சிவப்புச் சிலுவை போட்ட வரிகளை அண்ணாவியார் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாவியின் வரிகள் கென்னாடியிடம் போயின. ஒரு வரியில் மட்டும் தகராறு வந்தது. "இவர்மேல் சுமத்த என்னிடம் ஒரு பழியும் இல்லை" என்று தேசாதிபதி ஓரிடத்தில் சொல்கிறான். வரியை எழுதியவரே அண்ணாவியார்தான்.

"அது பாவி சொன்னாலும் நல்ல வசனம்" என்றார். "உண்மையான வசனம். அதிலை குந்தேலாது." அந்தத் துண்டும் சட்டைப் பைக்குள் போனது.

கென்னாடி மிச்சத் துண்டுகளைப் படியில் பரப்பி, அவற்றின் மேல் அடைக்கோழிபோல இருந்தார். அண்ணாவியார் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நாய் வந்து கென்னாடியின் முழங்காலில் தலை வைத்தது. எழும்பும்போதே வசனம் வந்துவிட்டது. முதல் மாடியில் ஒரு யன்னல் திறந்து, யாரோ வாயை மூடச் சொன்னார்கள்.

குருத்தோலை ஞாயிறு பின்னேரம் நாடகம். மண்டபம் நிறைந்திருந்தது. தமிழரோடு தெருவில் உள்ள சிசிலியரும் வந்திருந்தார்கள். சிஞோரா அவ்வொக்காத்தோவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையில் நிறுத்தினார். கென்னாடி திரைச்சீலைத் துணியில் தைத்த அங்கியோடு மேடைக்கு வந்தார். முதல் வரியிலேயே அவர் தவறு செய்யத் தொடங்கிவிட்டார். இருக்கையில் சரிந்திருந்த விதம், ஆண்டவரைப் பார்க்காமல் தன் மோதிரத்தைப் பார்த்த விதம், கூட்டம் கத்தும்போதெல்லாம் உதட்டை நனைத்த விதம் எல்லாம் ஒரு கோழையுடையவை. பயிரில் நீர் பாய்கிறதுபோல அந்த மனிதரில் தவறு பாய்ந்து பரவியதை நான் திரைக்கு அருகில் இருந்து பார்த்தேன்.

பிறகு, குந்தாமல் விட்ட அந்த வரி வந்தது. கென்னாடி எழுந்தார், முன்னால் வந்தார், வாயைத் திறந்தார், நின்றார்.

பார்வையாளர்கள் அதை நடிப்பென்று நினைத்து மூச்சைப் பிடித்தார்கள். எனக்குத் தெரியும். அது போய்விட்டது. நான் மெல்லிய குரலில் வரியைச் சொன்னேன், கேட்கவில்லை. கென்னாடியின் கண்கள் திரையோரம் இருந்த அண்ணாவியாரைத் தேடி வந்தன. அண்ணாவியார் கையில் முழு நாடகக் கொப்பி இருந்தது. அவர் கென்னாடியைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கொப்பியைக் கதிரையில் வைத்தார். அதன்மேல் குந்தினார்.

"இவர்மேல் சுமத்த என்னிடம் ஒரு பழியும் இல்லை" என்றார் கென்னாடி. தமிழில், தெளிவாக, தான் செய்யப்போவது என்ன என்று அறிந்த மனிதனின் குரலில். வலது கை தானாக எழும்பி முழுதாக நீண்டது. முன்வரிசையில் அவ்வொக்காத்தோ, "இப்போது தெரியும் இவன் யாரென்று!" என்று கத்தினார். பிறகு தேசாதிபதி ஆண்டவரைச் சாகக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினான்.

அண்ணாவியார் கொப்பியை உருவி எடுத்துக் கண்ணில் ஒற்றி, என் பக்கம் திரும்பினார். "ஆரும் கண்டதே?"

"இல்லை அண்ணாவியார்."

பத்திரிகைக்காரனாக நான் அமுக்கிய செய்திகள் பல. விரும்பி அமுக்கியது இது ஒன்றுதான். இப்போது எழுதுவது அவருடைய அனுமதியோடு. ஒரு நிபந்தனை வைத்தார்: குந்துவதற்கு முதல் ஆண்டவரின் பக்கங்களை உருவி எடுத்துவிட்டார் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

நாடகம் முடிந்து கென்னாடி அங்கியோடு வாசலுக்கு வந்தபோது, கறுப்புச் சால்வை போட்ட ஒரு சிசிலியக் கிழவி அவரை மறித்து, "வெட்கம் கெட்டவனே, அவர் குற்றவாளி இல்லை என்று உனக்குத் தெரியும்!" என்று கைப்பையால் தோளில் ஒன்று வைத்தாள். கென்னாடி என்னிடம் ஓடிவந்தார். "அடிப்பாள்! என்னை அடிப்பாள்!" என்று தோளைக் காட்டினார். அவருக்கு இறந்தகாலம் தெரியாது. முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தால், இனியும் அடிவாங்கத் தயாராக இருந்தார் என்றே நினைக்கிறேன். பல்லரோவில் அவர் போனால் மீன்காரர்கள் ஒரு வாளித் தண்ணீரைக் காட்டி, "கை கழுவவில்லையா, ஆளுநரே?" என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் கழுவினார்.

சென்ற வாரம் குசினியில் மேசைக்கு எடுத்துப்போன பாண் என் கையில் இருந்து வழுக்கி விழுந்தது. எண்ணிப் பார்ப்பதற்கு முன்னரே குனிந்து எடுத்துக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். எதிரே சிஞோரா, "கண் அல்ல, வாய்!" என்றார். பாண் கண்ணுக்கும் உதட்டுக்கும் நடுவில் நின்றது. எள்ளு இரண்டொன்று உதிர்ந்து சட்டையில் விழுந்தது. எனக்குப் பின்னால், கென்னாடி எனக்காக ஒரு கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது.